மிஞ்சிய மூன்று மீன்கள்

அத்தியாயம் 11

பதினோரு மீன்களை வேதமணி கிணற்றடி வாழைக்குக் கீழே புதைத்து நான்கு நாளாகியிருந்தது. அந்த நான்கு நாளும் அவள் அப்பா நேசையன் கிணற்றடிப் பக்கம் போகவில்லை. குளிக்கிற தண்ணீரைக்கூட முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அன்று திங்கட்கிழமை. டாக்டர் ஸுந்தரராஜனும் அவர் மனைவியும் முந்தின நாள் சாயங்கால ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கிவிட்டதாகச் சேதி வந்திருந்தது.

மீன்கள் டாக்டர் வீட்டு மீன்கள். இராஜபாளையத்தில் டாக்டர் நடத்தும் மருந்துச்சாலையில் நேசையன் இருபத்திரண்டு வருஷமாகக் கம்பவுண்டர். டாக்டரின் மனைவி அரவிந்தவல்லியைப் பட்டணத்துப் பெரிய வைத்தியரிடம் காட்ட மூன்று வாரம் போக வேண்டியிருந்தது. கண்ணாடித் தொட்டியை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. "வேதமணிகிட்டக் கொடுங்கோ. அவளுக்குத்தான் பொறுமை இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத மீன்கள் அவை. டெட்ரா என்று பெயர். எங்கோ தென்னமெரிக்கக் காட்டாற்றில் பிறந்து, கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, அங்கே இருந்த அண்ணன் வீட்டிலிருந்து அரவிந்தவல்லியின் மடியில் ஜாடியோடு உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவை. முதுகோரம் மின்னுகிற நீலக்கோடு, அதற்குக் கீழே பின்பாதியில் சிவப்பு. தொட்டியடியில் நாலைந்து நத்தைகள் ஊரும்; மேலே மீன்கள் பதினாலும் சேர்ந்துதான் போகும். முன்னால் போவது திரும்பினால் பதினாலும் திரும்பும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அரவிந்தவல்லி மத்தியானங்களில் தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள்.

வேதமணி அவற்றை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால், வண்டிக்காரச் சிவனாண்டி மலையடிவாரத்து ஆற்றிலிருந்து கொண்டுவரும் தண்ணீரைத்தான் ஊற்றினாள். நாட்டுவாதுமைச் சருகுகளைப் போட்டு, தண்ணீரை இளந்தேயிலை நிறத்தில் வைத்திருந்தாள். 1939-ஆம் வருஷத்துச் சித்திரை வெயில் கொளுத்திய கொளுத்தலில் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டி, அரைமணிக்கு ஒருதரம் நனைத்தாள். கொசுப்புழுவை மல்துணியில் வடிகட்டி, காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை போட்டாள்.

மூன்றாவது வாரம் மீன்களின் மேல் உப்புத்தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. வேதமணி அழுதாள். மகள் அழுவதை நேசையனால் பார்க்க முடியவில்லை. இந்த நோய்க்கு மயில்துத்தக் கரைசலில் பத்துத் துளி விட்டால் போதும் என்று டாக்டர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், மருந்துச்சாலையிலிருந்து கொண்டுவந்த கரைசலை அளவு கிளாஸில் ஊற்றித் தொட்டியில் கலந்தார்.

விடிந்தபோது பதினோரு மீன்கள் மிதந்தன.

அன்றைக்கு முந்தின நாள் சிவனாண்டியின் வண்டி வரவில்லை. வேதமணி இரண்டு செம்பு கிணற்றுத் தண்ணீரைக் கலந்திருந்தாள். செத்த மீன்களைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் கேட்டாள்: "அப்பா, அந்தக் கிணத்துத் தண்ணியாலயா இருக்குமோ?"

"இருக்கலாம்மா" என்றார் நேசையன்.

அந்த ஒரு வார்த்தைதான் நான்கு நாளாக அவரோடு எழுந்து அவரோடு படுத்தது.

*

"அப்பா, நான் ஏழரை பஸ்ஸுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போறேன்" என்றாள் வேதமணி.

மிஞ்சிய மூன்று மீன்களையும் ஊறுகாய்க் கண்ணாடி ஜாடி ஒன்றில் விட்டு, வாயை மல்துணியால் கட்டியிருந்தாள். நீலக்கோடு மங்கிப்போயிருந்தது. மூன்றும் மூன்று பக்கமாக அடியோடு ஒட்டிக் கிடந்தன.

"சேந்தே போக மாட்டேங்குதுப்பா. கூட்டமா இருந்தாத்தான் அதுகளுக்குத் தைரியம்னு டாக்டரம்மா சொல்லுவாக. இப்பப் பாருங்க, ஒண்ண ஒண்ணு தெரியாத மாதிரி இருக்குதுக."

நேசையன் ஜாடியைப் பார்க்கவில்லை. "டாக்டரையாகிட்ட என்ன சொல்லப் போற?"

"உள்ளதத்தான் சொல்லப் போறேன். எம்மேலதான் தப்புன்னு. பொறவு, லெட்டரும் வேண்டாம்னு சொல்லிருவேன்."

மதுரையில் நர்ஸ் படிப்புக்கு டாக்டர் தரவேண்டிய சிபாரிசுக் கடிதம் அது. இந்த வாரம் அனுப்பினால்தான் ஆனியில் சேர முடியும். எட்டாம் வகுப்பிலிருந்து அவள் கனவு கண்டது.

"லெட்டரு ஏன் வேண்டாம்?"

"பதினாலு மீனப் பாத்துக்கிடத் தெரியாதவ, வார்டுல இருபது பேரப் படுக்கவச்சு எப்பிடிப்பா பாப்பேன்? மீனாவது பரவாயில்ல. மனுசங்கன்னா என்ன செய்வேன்?"

சொல்லும்போது அவள் அழவில்லை. முடிவு செய்தவள் குரலாக இருந்தது அது. அழுதிருந்தால் தேவலை என்று நேசையனுக்குத் தோன்றியது.

"வேதமணி..."

"என்னப்பா?"

வாயைத் திறந்தார்.

"குடை எடுத்துக்கம்மா. வெயிலு."

*

அவள் தெரு திரும்பும்வரை வாசலில் நின்றிருந்த ஏசம்மாள் உள்ளே வந்தாள். கணவருக்குக் கஞ்சியை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"வியாழக்கிழம சாயந்தரம் அளவு கிளாஸ நீங்க எதுக்குக் கழுவுனீக? கலியாணமாகி இருவத்தஞ்சு வருசத்துல நீங்க ஒரு டம்ளரு கழுவி நான் பாத்ததில்லியே."

நேசையன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"மறுநா வேட்டியத் தொவைக்கேன், முனையில நீலக்கறை. அம்புட்டும் தெரிஞ்சும் நான் பேசாம இருந்தேன். நீங்களே சொல்லுவீகன்னு இருந்தேன். இப்ப அந்தப் பிள்ள போயிட்டா."

"மருந்துதான் ஏசம்மா போட்டேன். அவ அழுதா. பொறுக்க மாட்டாமப் போட்டேன்."

"அதச் சொல்ல வேண்டியதுதான? மீனுக்கு மருந்து போட்டா கொலக்குத்தமா?"

"மருந்து போட்டது குத்தமில்ல. அளவு தப்பிப் போச்சு." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "எனக்குக் கண்ணு தெரியல."

ஏசம்மாளுக்குப் புரியவில்லை. "என்ன கண்ணு?"

"கிறிஸ்மஸுலருந்தே மங்கல். எல்லாம் பொகையடிச்சாப்ல இருக்கு. கிளாஸுல ஒரு கோடு ரெண்டு கோடாத் தெரியுது. டாக்டரையாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மருந்துச்சாலைய விட்டு இறங்கணும். கண்ணு தெரியாத கம்பவுண்டர எவன் வச்சுக்கிடுவான்?"

அடுப்பில் விறகு சரிந்தது. அதைத் தள்ளிவிடக்கூட ஏசம்மாள் எழவில்லை.

"வேல போனா கஞ்சி குடிச்சுக்கிடலாம்" என்றாள் கடைசியில். "இதுவும் கஞ்சிதான. அந்தப் பிள்ள தன்னையே நம்பாமப் போயிட்டாள்னா, நான் எந்தக் கடையில போயி அத வாங்கிக் குடுப்பேன்?"

நேசையன் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். நேரே பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றுதான் படியிறங்கினார். கால்கள் பழக்கத்தில் மருந்துச்சாலைக்குப் போயின.

*

கதவைத் திறந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. பஞ்சாலையில் வேலை பார்க்கும் ஐயாதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"நேத்துக் கோயில் கொடையில தின்னது சேரலண்ணாச்சி. எப்பவும் குடுப்பீகளே, அந்தத் தண்ணி மருந்தக் குடுங்க."

நேசையன் அளவு கிளாஸை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். காலை வெயில் கண்ணாடியில் பட்டு உடைந்தது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நடுங்கின. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். நடுங்கியது கை இல்லை.

கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"டாக்டரையா ஊருக்கு வந்துட்டாகப்பா. நாளைக்கு வந்து அவியகிட்டயே காட்டிரு."

"வயித்து வலிக்கு எதுக்கண்ணாச்சி டாக்டரு? ஒங்க கைமருந்துதான எங்க வீட்டுல எல்லாருக்கும் கேக்கும்!"

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நேசையனுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. டாக்டர் முன்பே மடித்துக் கொடுத்திருந்த சோடா உப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் போனதும் கதவைப் பூட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கதவு பூட்டப்பட்டதே இல்லை. எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

*

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் டாக்டர் வீட்டு வாசல் கதவு திறந்தே இருந்தது. நேசையன் செருப்பைக் கழற்றும்போதே கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டது.

அரவிந்தவல்லி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பட்டணம் போய் வந்ததில் இன்னும் இளைத்திருந்தாள். ஜாடி அவள் மடியில். அப்போதுதான் பூஜை முடித்து வந்த டாக்டர் மேஜைக்குப் பின்னால். வேதமணி இருவருக்கும் முன்னால் நின்றாள். அவள் முதுகும் பின்னலும்தான் நேசையனுக்குத் தெரிந்தன.

"ரெண்டு செம்பு கெணத்து ஜலத்துக்கா பதினொண்ணும் போயிடும்?" என்று அரவிந்தவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் ஒருதரம் அரைக் குடமே விட்டிருக்கேனே. அடியிலே நத்தையெல்லாம் இருந்ததே, அது?"

"அதுவும் செத்துப் போச்சும்மா. எல்லாமே."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். "நத்தையுமா?"

"ஆமாங்கய்யா."

"நத்தையையும் மீனையும் சேர்த்து ஒரே ராத்திரியிலே கொல்றதுன்னா எனக்குத் தெரிஞ்சு மயில்துத்தம்தான். எவ்வளவு போட்டே?"

"நான் ஒண்ணும் போடலைங்கய்யா."

"வெள்ளைப் புள்ளி வந்ததுன்னு நீயே சொன்னே. மருந்துச்சாலையிலே கரைசல் இருக்கு. பயந்து போய் எடுத்துப் போட்டிருப்பே."

"இல்லைங்கய்யா. சத்தியமா இல்ல."

டாக்டரின் குரல் இறங்கியது. கோபத்தில் அவர் குரல் உயராது; இறங்கும். "வேதமணி, மீன் செத்தது போகட்டும். ஆஸ்பத்திரியிலே தப்புப் பண்ணாத மனுஷாளே கிடையாது. நானும் பண்ணியிருக்கேன். ஆனா பண்ணின தப்பை மறைக்கிறவாளை நோயாளிகிட்ட விட மாட்டேன். நீ கடுதாசி வேண்டாம்னு சொன்னப்போகூட எழுதத்தான் நினைச்சேன். இப்போ எழுதறதுக்கில்லே."

மேஜைமேல் பாதி எழுதியிருந்த காகிதத்தை இழுப்பறைக்குள் தள்ளினார்.

தான் போடவில்லை என்பது மட்டும்தான் வேதமணிக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கழுத்து குனிந்த விதத்தைத்தான் நேசையனால் தாங்க முடியவில்லை.

"அவ போடலைங்கய்யா" என்றார் வாசற்படியிலிருந்து. "நான் போட்டேன்."

மூவரும் திரும்பினார்கள்.

உள்ளே வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். "வியாழக்கிழமை சாயந்தரம். பத்துத் துளிதான் போட நெனச்சேன். மறுநா பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். நான் பிடிச்ச கோடு ரெண்டு டிராம் கோடு, நூத்திருவது துளி. இவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்."

வேதமணி அப்பாவையே பார்த்தாள். கோபமில்லை அந்த முகத்தில். கணக்குப் போடுகிறவள் போல உதடு மெல்ல அசைந்தது.

"இருக்கலாம்மான்னு சொன்னீகளேப்பா" என்றாள். "நான் கேட்டேனே. கிணத்துத் தண்ணியாலயான்னு கேட்டேனே."

"சொன்னேம்மா."

"தெரிஞ்சா சொன்னீக?"

"அப்ப அளவு தப்புனது தெரியாது. மருந்து போட்டது தெரியும்." மகளைப் பார்த்தே சொன்னார். "மத்தியானம் தெரிஞ்சு போச்சு. அதுக்குப் பொறவும் சொல்லல."

வேதமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அரவிந்தவல்லிதான் பேசினாள். "பதினொண்ணு போயாச்சு. அதுக்கு நான் அழுவேன், அழாம இருக்க மாட்டேன். ஆனா மீன் தண்ணியிலே செத்துது நேசையன். இவளை நாலு நாளா வெறுந்தரையிலே போட்டுத் துடிக்க விட்டிருக்கேளே."

நேசையன் கைகட்டி நின்றார்.

டாக்டர் எழுந்து வந்து அவர் தோளில் கைபோட்டு ஜன்னலோரம் அழைத்துப் போனார். இமையைத் தூக்கிப் பார்த்தார். மற்றதையும் பார்த்தார்.

"ரெண்டிலும் புரை. எத்தனை நாளா?"

"கிறிஸ்மஸுலருந்து."

"அஞ்சு மாசம். என்கிட்டச் சொல்லலே."

"சொன்னா வேல போயிரும்னு பயம்யா. மகள மதுரைக்கு அனுப்புற வரைக்கும் ஓட்டிரலாம்னு..."

"சரி, அது இருக்கட்டும்." டாக்டர் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தீர். கோடு தெரியலேன்னு தெரிஞ்சுண்டீர். அதுக்கப்புறம் மருந்து ஏதாவது கலந்து கொடுத்தீரா?"

"ஒண்ணே ஒண்ணு" என்றார் நேசையன்.

"யாருக்கு?"

"தேவதானத்துல இருக்கிற சமுத்திரம் மகளுக்கு. நாலு வயசுப் பிள்ள. கக்குவான் இருமல். நீங்க முந்தி எழுதிக் குடுத்த சீட்டுதான். சனிக்கிழமை சாயந்தரம் வந்து, பாட்டில் தீந்து போச்சு, பிள்ள இருமி இருமி நீலம் பாரிச்சுப் போகுதுன்னு அழுதான்."

"பெல்லடோனா போட்ட மருந்து. அளவு கூடினா விஷம்."

"ஆமாங்கய்யா."

"சரியா அளந்தீரா?"

"தெரியலைங்கய்யா. அன்னைக்கு வெளக்கு வெளிச்சம், அதான் தப்பிருச்சு, இது வெயில் வெளிச்சம், சரியாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஊத்துனேன்."

டாக்டர் அதற்குமேல் ஒரு வினாடி நிற்கவில்லை. உள்ளே போய்க் கைப்பெட்டியைத் திறந்து, ரப்பர் குழாயையும் இரண்டு புட்டிகளையும் போட்டு மூடினார். கார் சாவியை எடுத்தார்.

"நேசையன், நீர் வாரும். வீடு காட்டணும். வேதமணி, நீயும் ஏறு."

"நானாய்யா?"

"குழந்தையைப் பிடிச்சுக்க ஆள் வேணும். கை நடுங்காத ஆள்."

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டருக்கு முன்னால் வாசலுக்குப் போனாள்.

*

கார் இராஜபாளையத்தைத் தாண்டி, சேத்தூர் சாலையில் புழுதி பறக்கப் போயிற்று. வேதமணி முன் ஸீட்டில் டாக்டருக்குப் பக்கத்தில். நேசையன் பின்னால் தனியாக.

"மருந்து கூடிப்போயிருந்தா மொதல்லே என்ன தெரியும்?" டாக்டர் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் பேசினார். "உடம்பு நெருப்பாச் சுடும், வேர்க்காது. மூஞ்சி செவந்திருக்கும். வாய் காஞ்சு நாக்கு ஒட்டிண்டிருக்கும். கண்ணுப் பாப்பா பெருசா விரிஞ்சிருக்கும். பிதற்றும், ஆளைத் தெரியாது. நீ போனவுடனே கண்ணைப் பார். அப்புறம் வாயிலே விரலை விட்டுப் பார், ஈரம் இருக்கான்னு."

"கண்ணு, பொறவு வாயி" என்று வேதமணி திருப்பிச் சொன்னாள். "நாடி பாக்கணுமாய்யா?"

"பாக்கணும். கையிலே கடியாரம் இல்லாட்டா என்னுதைத் தர்றேன்."

அவள் மேலும் மேலும் கேட்டாள். மருந்தை வெளியே எடுக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும், குழந்தையை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று. காலையில் ஜாடியோடு கிளம்பிய பெண் மாதிரியே இல்லை. பின்னால் திரும்பி அப்பாவை ஒருதரமும் பார்க்கவில்லை.

நேசையன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை படுக்கும்போது ஒரு வேளை. நேற்று மூன்று வேளை. இன்று காலை ஒன்று. ஐந்து வேளை. நேற்று மத்தியானம் தாம் கோயிலில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பிள்ளைக்கு மூன்றாவது கரண்டி ஊற்றியிருப்பார்கள். தாம் கேட்ட மன்னிப்பு முழுவதும் மீன்களுக்காகத்தான் இருந்தது.

"தேவதானத்திலே எந்தப் பக்கம்?" என்றார் டாக்டர்.

"மேலத் தெருக் கடைசிங்கய்யா. தேடவே வேண்டாம். அந்தப் பிள்ள இருமுறது தெரு மொனையிலேயே கேக்கும்."

வயல்களைத் தாண்டி ஊருக்குள் கார் நுழைந்தது. கோழிகள் சிதறி ஓடின. மேலத் தெரு முனையில் டாக்டர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

மூவரும் காதைக் கொடுத்தார்கள்.

எங்கோ உலக்கைச் சத்தம் கேட்டது. ஒரு பெண் யாரையோ கூப்பிட்டாள். இருமல் கேட்கவில்லை.

வேதமணிதான் முதலில் கதவைத் திறந்தாள். டாக்டர் பெட்டியை எடுப்பதற்குள் அவள் தெருவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். நேசையன் முன் ஸீட்டின் முதுகை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு குழந்தை இரும வேண்டும் என்று கர்த்தரிடம் கெஞ்சினார்.